மோரோடு போட்ட மாத்திரை

ரஞ்சன்குடிக் கோட்டைக்காக ஒரு காலத்தில் நவாபுகளும் பிரெஞ்சுக்காரர்களும் வெள்ளைக்காரர்களும் பீரங்கி வைத்து அடித்துக்கொண்டார்கள். எழுபதுகளின் கடைசியில் அந்தக் கோட்டைக்குக் கீழே, மெட்ராஸ் ரோட்டில் போய்வந்த லாரிக்காரர்களுக்கு இந்தச் சண்டை எதுவும் தெரியாது. அவர்கள் அதை ‘மோர்க்காரம்மா கோட்டை’ என்றார்கள். இத்தனைக்கும் மோர்க்காரம்மா கோட்டைக்காக ஒரு கல்லைக்கூட எறிந்தவள் இல்லை. அடிவாரத்துப் புளியமரத்தடியில் மண்பானையோடு உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். பெயர் கொளஞ்சியம்மாள். வயது முப்பதைத் தொடவில்லை.

கொளஞ்சி உறை ஊற்றினால் மார்கழிக் குளிரிலும் பால் கட்டியாகத் தோய்ந்துவிடும். அதே மாடு, அதே பானை, மாமியார் பொன்னம்மாள் உறை ஊற்றினால் நூல் விடும். பொன்னம்மாள் இதை ஊரறிய ஒத்துக்கொள்வாள். தயிர்ப்பானைப் பக்கம் வேறு யாரையும் அண்டவிட மாட்டாள். அதே பொன்னம்மாள்தான் மகனுக்கு இரண்டாம் தாரம் பார்க்கவும் ஆரம்பித்திருந்தாள். தயிருக்கு மூத்தவள் கை, பேரப்பிள்ளைக்கு இளையவள் வயிறு. அவள் மனதில் இதில் எந்த முரண்பாடும் தட்டுப்படவில்லை.

பிள்ளையே உண்டாகவில்லை என்றால் அது ஒரு வகை. கொளஞ்சிக்கு உண்டாகி உண்டாகிப் போனது. கல்யாணமான வருஷமே வயிற்றில் வந்தது, ஐந்தாம் மாதம் கலைந்தது. ஊர் மருத்துவச்சி வந்து தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டுப் போனாள். அதன்பிறகு பல நாள் காய்ச்சல், அடிவயிற்றில் வலி, வெளியே சொல்ல முடியாத நாற்றம். காய்ச்சல் தானாக விட்டது. வலி மட்டும் வீட்டுக்கு வந்த விருந்தாளி கிளம்ப மறந்த மாதிரி ஓரமாக இருந்துகொண்டது. அதற்கப்புறம் அவ்வப்போது நாள் தள்ளிப்போகும். வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். பிறகு ஒரு காலையில் எல்லாம் முடிந்துவிடும். “தங்கல” என்று பொன்னம்மாள் அக்கம்பக்கத்துக்குச் சொல்வாள். வெள்ளைப்படுவதையும் இடுப்பு வலியையும் ஊர் ‘சூடு’ என்றது. சூட்டுக்கு மருந்து மோர். ஆகவே தான் விற்ற மருந்தையே கொளஞ்சியும் குடித்தாள்.

தெய்வங்களையும் விட்டுவைக்கவில்லை. சிறுவாச்சூர் மதுரகாளிக்கு மாவிளக்குப் போட்டாள். பஸ் ஏறி ஏலாக்குறிச்சி மாதாவுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். அந்த அம்மா பார்த்துக்கொள்வாள் என்று இந்த அம்மாவும், இந்த அம்மா பார்த்துக்கொள்வாள் என்று அந்த அம்மாவும் இருந்துவிட்டார்களோ என்னவோ.

அந்த ஆவணியில் பொன்னம்மாள் அரும்பாவூர் போய்த் தன் அண்ணன் மகள் வேம்பைப் பேசி முடித்துவிட்டு வந்தாள். தையில் நிச்சயம். சட்டம் அப்போதே இதெல்லாம் கூடாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் மூத்தவள் தன் கையால் தாம்பூலத் தட்டை எடுத்துப் பெண்வீட்டில் கொடுத்துவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்பது வழக்கம். சட்டம் அரும்பாவூர் வரைக்கும் பஸ் பிடித்து வராது.

“தட்டை நீதான் எடுத்தாரணும்,” என்றாள் பொன்னம்மாள். “ஒன்ன யாரு தள்ளி வக்கிறது? நீ பாட்டுக்கு நீ இருக்கப் போற.”

கொளஞ்சி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அய்யம்பெருமாள் பெரம்பலூர்ப் பருத்தி மண்டியில் மூட்டைக்கு எடை போடுகிறவன். இரண்டு தட்டும் சமமாக நின்றால்தான் அவன் தொழில் சுத்தம். வீட்டிலும் அவன் அப்படியே நின்றான்.

“அம்மா சொல்றாங்க,” என்றான்.

“நீங்க என்ன சொல்றீங்க?”

“அம்மா சொல்றாங்கன்னு சொல்றேன்.”

ஐப்பசியில் ஒருநாள் வேம்பு தானே பஸ்ஸை விட்டு இறங்கிப் புளியமரத்தடிக்கு வந்தாள். பெரம்பலூரில் டைப்ரைட்டிங் படிக்கிறவள். கையில் குடை, விரலில் மைக்கறை. ஒரு சொம்பு மோரை நிற்காமல் குடித்து முடித்தாள்.

“அக்கா, தையில எனக்கும் மாமாவுக்கும் நிச்சயமாமே. தெரியுமா?”

“தட்டே நான்தான் எடுத்தாரணுமாம்.”

“எடுத்தாருவியா?”

கொளஞ்சி பானையின் வாயைத் துணியால் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“ஒம் புருசன் நல்ல மனுசன்தான்,” என்றாள் வேம்பு. “ஆனா எனக்கு வேணாம். லோயர் பாஸ் பண்ணிட்டேன், ஹையர் எழுதப் போறேன். ஒங்க வூட்டுல வந்து பானை கழுவ என்னால ஆவாது.”

“நான் எடுத்துக்கன்னு சொன்னனாடி?”

“அதான் சொல்றேன். ஒன் வயிறு சரியானாத்தான் நான் தப்பிப்பேன். பெரம்பலூர்ல ஒரு லேடி டாக்டர் இருக்காங்க. நாளைக்குக் கெளம்பு.”

சக்களத்தியாக வரவேண்டியவளே கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். பொன்னம்மாளிடம் இருவரும் சொன்னது, கல்யாணப் புடவை பார்க்கப் போகிறோம் என்று. மருமகளின் பெருந்தன்மையை நினைத்துப் பொன்னம்மாள் கண் கலங்கி, பஸ் ஏற்றியும் விட்டாள்.

டாக்டர் லீலாவதி கும்பகோணத்துக்காரர். நிறையக் கேட்டார்; ஊரில் யாரும் கேட்காததை எல்லாம் கேட்டார். கர்ப்பப்பையின் உள்சவ்வைக் கொஞ்சம் சுரண்டியெடுத்துத் திருச்சிக்குச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும், மறுபடியும் புடவை என்று சொல்லிவிட்டு வந்த இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

“டி.பி. இல்ல, அது ஒரு நிம்மதி. ஆனா உள்ளுக்குள்ள பழைய அழற்சி இருக்கு. மொதத் தடவை கலைஞ்சப்ப உள்ள போன கிருமி இன்னும் காலி பண்ணாம குடியிருக்குன்னு நெனைக்கிறேன்.”

“கிருமின்னா பூச்சிங்களா?”

“கண்ணுக்குத் தெரியாத உயிரு. நீ மோர் விக்கிறவதானே? பால்ல ஊத்துற உறையிலயும் அந்த மாதிரி ஒண்ணுதான் இருக்கு. அது நல்ல சாதி. நல்லது இருந்தா தயிரு. கெட்டது பூந்தா நூல் விட்டு நாறிடும்.”

“எங்க அத்தை ஊத்துனாப்புல,” என்றாள் கொளஞ்சி. ஒரு டாக்டர் சொன்னது முழுசாகப் புரிந்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

“ஆனா கரு வருதே டாக்டர். வந்துட்டுப் போவுதே,” என்றாள் வேம்பு, தன் விடுதலையைப் பற்றிய கவலையோடு.

“நம்ம ஒடம்புக்குள்ள காவல்காரங்க உண்டு. கிருமி இருக்கிற எடத்துல அவங்க எந்நேரமும் தடியைத் தூக்கிக்கிட்டுத்தான் நிப்பாங்க. கருவுங்கறது புதுசா வர்ற ஆளு, பாதி அப்பன் சரக்கு. அமைதியான நாள்ல விருந்தாளின்னு வழிவிட்டு, பாதுகாப்பும் குடுப்பாங்க. சண்டை நடக்குற எடத்துல ஆளு பாத்து அடிக்க மாட்டாங்க.”

“தடியடி நடந்தா பஸ்ஸுக்கு நின்னவனுக்கும் விழுவுமே, அந்த மாதிரி,” என்றாள் வேம்பு.

“அதேதான். இதுல பாதி தெரிஞ்சது, பாதி படிச்சவங்க ஊகம். ஆனா கிருமியை வெரட்டலாம், அது நிச்சயம்.”

பிறகு டாக்டர் இன்னொன்று கேட்டார். தயிர்ப்பானையை எங்கே காயவைக்கிறாய் என்றார். பாறைமேல், நல்ல வெயிலில் என்றாள் கொளஞ்சி. மாதவிலக்குத் துணியை? மாட்டுக்கொட்டகைக் கூரை இறவாணத்தில், சாக்குக்கு அடியில், ஆம்பளைகள் கண்ணில் படாமல். டாக்டர் சன்னலுக்கு வெளியே அடித்த வெயிலைப் பார்த்தார். கொளஞ்சிக்கும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது என்னவோபோல இருந்தது. அந்த மாதத்திலிருந்து கோட்டையின் உள்மதிலில், ஆடு மேய்கிறவர்களும் ஏறாத மூலையில், நல்ல வெயிலில் துணி காய்ந்தது. பீரங்கி வைத்த மதிலுக்கு இப்படியும் ஒரு உபயோகம் வந்தது.

மாத்திரை இரண்டு பேருக்கும் கொடுத்தார். ஒருத்தர் மட்டும் சாப்பிட்டால் கிருமி மறுபடி ஒட்டிக்கொள்ளலாம் என்றார். கடைசியாக, “பாலோட மட்டும் சேக்காத. வேலை செய்யாது,” என்று சொல்லியனுப்பினார்.

புடவை பார்க்கப் போனவள் மாத்திரையோடு வந்ததைப் பொன்னம்மாள் எப்படியோ பொறுத்துக்கொண்டாள். மகனுக்கும் மாத்திரை என்றதும்தான் கொதித்தாள்.

“ஆம்பளைக்கு என்னாத்துக்கு மாத்தர? அவனா பெக்கப் போறான்?”

அய்யம்பெருமாள் மண்டிக்குக் கிளம்பிவிட்டான். மண்டியில் பல்வலி என்று சொல்லிவிட்டு, சோடாவோடு ஒழுங்காகப் போட்டுக்கொண்டான். யாரையும் கேட்காமல் அவன் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

கொளஞ்சியும் ஒழுங்காகத்தான் போட்டாள். பால் என்றால் பாலைத் தொடவில்லை. டீயை விட்டு வரக்காப்பிக்கு மாறினாள். கோயிலில் கொடுத்த பால் பாயசத்தைக்கூட வாங்கி வேறொருத்தி பிள்ளைக்குக் கொடுத்தாள். ஆனால் மாத்திரை வயிற்றைப் போட்டு எரித்தது. இங்கிலீஷ் மருந்து சூடு என்பது பெரம்பலூர் முதல் அரியலூர் வரை எல்லோரும் அறிந்த விஷயம். சூட்டுக்கு என்ன செய்வது என்று மோர்க்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு சொம்பு மோர், கெட்டியாக, உப்புப் போட்டு.

மார்கழி வந்தது. மாத்திரை தீர்ந்தது. வலியும் வெள்ளையும் அப்படியே இருந்தன. தை நிச்சயத்துக்குப் பொன்னம்மாள் பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டு விளக்கிக் கவிழ்த்துவைத்தாள். அது அடுப்பங்கரையில் கொளஞ்சியின் முகத்துக்கு நேராகப் பளபளத்தது. அவள் வேம்போடு மறுபடியும் டாக்டரிடம் போய் நின்றாள்.

“விடாம சாப்பிட்டியா?” என்றார் லீலாவதி.

“ஒண்ணுகூட விடலீங்க.”

“அவரு?”

“அவருந்தாங்க. பல்லு வலின்னு சொல்லிக்கிட்டு.”

“எதோட முழுங்கின?”

“மோரோடதாங்க.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “பால் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“பாலைத் தொடவே இல்லீங்களே. டீயைக்கூட நிறுத்திட்டேன்.”

“மோர் எதுலேர்ந்து வருது?”

“தயிருலேர்ந்துங்க.”

“தயிரு?”

கொளஞ்சி வாயைத் திறந்தாள். பதில் அவளுக்குத் தெரியும். தினமும் அவள் கையால் நடக்கிற காரியம். ஆனால் அந்தப் பக்கத்தில் பால் வேறு, மோர் வேறு. பால் குழந்தைக்கும் விருந்துக்கும்; மோர் வெயிலுக்கும் வயிற்றுக்கும். மோரைப் பால் என்று ஒருத்தன் சொன்னால் அவனுக்குக் கண் பார்வை சரியில்லை என்றுதான் நினைப்பார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வேம்பு குடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டாக்டருக்கும் அடக்க முடியவில்லை.

“மோருன்னு தனியா சொல்லணும்னு எனக்குத் தோணலை. தப்புல பாதி எம்பேர்ல எழுதிக்க. பால்ல இருக்கிற சுண்ணாம்புச் சத்து இந்த மாத்திரையைக் கெட்டியாப் பிடிச்சிக்கும். தயிர்லயும் மோர்லயும் அது அப்படியேதான் இருக்கு. நீ முழுங்கினதுல பெரும்பாலும் ரத்தத்துல சேராம வெளிய போயிருக்கும்.”

“அப்ப மோரு கெடுதலுங்களா?” என்றாள் கொளஞ்சி. வயிற்றைவிட வியாபாரம் அந்த நிமிஷம் பெரிதாகத் தெரிந்தது.

“மோர் ஒனக்கு எதிரி இல்ல. இந்த மாத்திரைக்குத்தான். ரெண்டையும் ஒரே நேரத்துல உள்ள விடாத. நடுவுல இடைவெளி விட்டா எந்தச் சண்டையும் இல்ல.”

“மூத்தாளும் இளையாளும் மாதிரி,” என்றாள் வேம்பு.

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை இரண்டு பேருக்கும் தண்ணீர்தான். அய்யம்பெருமாளுக்குப் பல்வலி திரும்பி வந்தது. மண்டி முதலாளி பல்லைப் பிடுங்கிவிடச் சொல்லி வற்புறுத்தினார். அவன் தப்பித்தது பெரும்பாடு.

தைக்கு என்ன செய்வது என்பதை வேம்பு பார்த்துக்கொண்டாள். “ஹையர் முடியாம கழுத்தை நீட்ட மாட்டேன் அத்தை,” என்று பொன்னம்மாளிடம் சொன்னாள். “பாஸாயிட்டா கவர்மெண்டு வேலை. அந்தச் சம்பளம் யார் வூட்டுக்கு வரும்?” பேரனோடு சம்பளமும் வருகிறது என்றதும் பொன்னம்மாளின் அவசரம் குறைந்தது. நிச்சயம் வைகாசிக்குப் போனது. தாம்பாளம் பரணுக்குப் போனது.

மாசி, பங்குனி என்று வெயில் ஏறியது. ஒருநாள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றியபோது கொளஞ்சி சட்டென்று நின்றாள். ஏதோ ஒன்று குறைந்திருந்தது. வலி இல்லை. எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது. மாத்திரை முடிந்து, டாக்டர் பார்த்துவிட்டு, இனி உன் பாடு என்று சொல்லியும் அனுப்பிவிட்டார்.

சித்திரையில் நாள் தள்ளிப்போனது. அது அவளுக்குப் புதிதில்லை, அதனால்தான் பயம். வேம்பைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் கண் விழித்ததும் அசையாமல் கொஞ்ச நேரம் படுத்திருப்பாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவளுக்குள் யார் யார் தடியைக் கீழே வைத்தார்கள், யார் யார் வழிவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எழுந்து பார்ப்பாள். ஒன்றும் நடந்திருக்காது.

வைகாசியில் பொன்னம்மாள் பரணை நிமிர்ந்து பார்த்தபோதுதான் கொளஞ்சி அவளிடம் சொன்னாள்.

“இதுக்கு முந்தியுந்தான் தள்ளிப்போச்சு,” என்றாள் பொன்னம்மாள். ஆனால் தாம்பாளத்தை இறக்கவில்லை. “பாப்பம்.”

ஐந்தாம் மாதம் வந்தது. வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. மருமகளைக் குனியக்கூடாது என்று சொல்லிவிட்டுப் பொன்னம்மாள் தானே உறை ஊற்றி, தானே கடைந்து, தானே புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். மோர் வழக்கம்போல நூல் விட்டது.

“என்னம்மா, மோரா, பாவு நூலா?” என்றான் ஒரு லாரிக்காரன்.

“இஷ்டமிருந்தா குடி. இல்லாட்டி கோட்டையைப் பாத்துட்டுப் போ,” என்றாள் பொன்னம்மாள்.

ஐந்தாம் மாதம் போனது. ஆறு வந்தது. எல்லாம் மோர் குடித்து வளர்ந்த உடம்பின் மகிமை என்று பொன்னம்மாள் ஊரெல்லாம் சொன்னாள். மோரை நிறுத்திய பிறகுதான் மாத்திரை பலித்தது என்று கொளஞ்சி விளக்கிப் பார்த்தாள். ஒருத்தி நம்பவில்லை. வாங்கிக் குடிக்க வரிசையில் வந்தார்கள்.

“அரும்பாவூருக்கு என்ன சொல்லட்டும் அத்தை?” என்று ஒருநாள் கொளஞ்சி தைரியமாகக் கேட்டாள்.

“புள்ள மொவத்தைப் பாத்துட்டுச் சொல்லிக்கலாம்.”

மார்கழியில் பெரம்பலூரில், லீலாவதியின் கையில் பிறந்தது. பெண். நல்ல எடை, நல்ல குரல். பொன்னம்மாள் குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்லதாகவும் ஒன்றும் சொல்லவில்லை, பொல்லாததாகவும் சொல்லவில்லை. அது கொளஞ்சியை அரித்தது. பிள்ளை வேண்டும் என்று சொன்னவள், எந்தப் பிள்ளை என்று சொல்லவில்லையே.

தை பிறந்து சில நாளில் பொன்னம்மாள் பெட்டியில் இருந்த புடவையைக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினாள்.

“ஏங்க, அத்தை எங்க போறாங்க?”

“அரும்பாவூருக்காம்.”

“என்னாத்துக்கு?”

“சொல்லல. நான் கேக்கல.” அய்யம்பெருமாள் அன்றைக்கு மண்டிக்குப் போகவில்லை. குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையைத் தூக்காமலே, “அவங்க என்ன பேசி முடிச்சுட்டு வந்தாலும் எனக்கு வேணாம்னு சொல்லிட்டேன்,” என்றான்.

“யாருகிட்ட?”

“ஒங்கிட்டத்தான். மொதல்ல சொல்லிப் பாக்கறேன்.”

உச்சி வெயிலில் பொன்னம்மாள் திரும்பி வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

“எங்க அண்ணன் இருக்கானே, அவனெல்லாம் ஒரு மனுசன். சம்பந்தம் வேணாம்னு சொல்லப் போனேன். மொவத்தைத் தொங்கப் போட்டுக்குவானே, எப்புடித் தேத்துறதுன்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டுப் போறேன். ‘நல்லதாப் போச்சு தங்கச்சி’ங்கறான். அவனுக்கு மொதல்லேர்ந்தே இஷ்டமில்லையாம். அவன் பொண்டாட்டிக்கும் இல்லையாம். எம் மனசு சங்கடப்படுமேன்னு ஒத்துக்கிட்டானாம். அந்தக் குட்டி வேம்பு, காப்பியைக் குடுத்துட்டு எதுத்தாப்புல நின்னு சிரிக்கிறா.” மகன் பக்கம் திரும்பினாள். “ஒனக்காச்சும் இஷ்டம் இருந்துச்சா?”

“இல்லம்மா.”

“வாயைத் தொறந்து சொல்றதுக்கு என்னா?”

“நீ ஆசைப்படுறியேன்னு.”

“எனக்கு என்னாடா ஆசை? வூட்டுல இருக்கிற ஒருத்திகிட்டயே என்னால மல்லுக்கட்ட முடியல. ஊரு கேட்டுச்சு, செஞ்சேன்.”

ஆக, யாருக்குமே வேண்டாத ஒரு கல்யாணம் ஒன்றரை வருஷமாகத் தன் காலிலேயே நடந்து வந்துகொண்டிருந்திருக்கிறது.

“பொட்டப்புள்ளன்னு ஒங்களுக்கு...” என்று கொளஞ்சி இழுத்தாள்.

“அடுத்தது எதுவா வேணா பொறந்துட்டுப் போவுது. இப்ப இது அழுவுது, மொதல்ல இதப் பாரு.”

கொளஞ்சி குழந்தையை அணைத்துக்கொண்டு சுவரோரமாகச் சாய்ந்தாள். சிரிப்பு வந்தது, சிரித்தால் பால் குடிக்கிற வாய் நழுவும் என்று அடக்கிக்கொண்டாள். ரோட்டில் லாரி ஒன்று நின்று ஹாரன் அடித்தது. எழுந்திருக்கப் போனாள். “படுடி,” என்றாள் பொன்னம்மாள். அய்யம்பெருமாள் சொம்பை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். ஹாரன் இன்னொரு தடவை அடித்தபோது அது கொளஞ்சியின் காதில் விழவில்லை. பட்டப்பகலில், கதவு திறந்திருக்க, வாய் லேசாகத் திறந்து அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.